மணிலாவில் ஆள் தேர்வு செய்யும் தமிழ் மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நண்பர்களே,

வணக்கம். மக்காத்தி, ஒர்த்திகாஸ், போனிஃபாசியோ வட்டாரங்களில் இயங்கும் நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் நம்மவர் சிலர் இருப்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன். வேலை விளம்பரத்தில் நீங்கள் வழக்கமாகச் சேர்க்கும் 'ப்ளீசிங் பர்சனாலிட்டி' என்ற தகுதியையும், விண்ணப்பத்தோடு கேட்கும் 'டூ பை டூ' (இரண்டு அங்குலச் சதுர) புகைப்படத்தையும் விட்டுவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இனிய சுபாவத்தைத்தானே கேட்கிறோம் என்பீர்கள். ஆனால் விண்ணப்பிக்கும் பெண்ணின் காதில் அது வேறாக விழுகிறது. 'மபுத்தி', அதாவது வெளுத்த நிறம், எடுப்பான மூக்கு, உயரம் ஆகியவற்றைத்தான் கேட்கிறார்கள் என்று அவள் புரிந்துகொள்கிறாள். தட்டை மூக்கைக் குறிக்கும் 'பாங்கோ' என்ற சொல்லைப் பள்ளியிலேயே கேட்டு வளர்ந்தவள் அவள்.

இப்படி ஆட்களைத் தரம் பிரிக்கும் வரிசை பிலிப்பைன்ஸில் ஒரு காலத்தில் அரசாங்க ஏடுகளிலேயே இருந்தது. ஸ்பானிய ஆட்சியில் ஐரோப்பாவில் பிறந்த ஸ்பானியர் உச்சியிலும், கலப்பினத்தவரான மெஸ்தீசோக்கள் இடையிலும், 'இந்தியோ' எனப்பட்ட மண்ணின் மக்கள் அடியிலும் வைக்கப்பட்டார்கள். இந்தியோ ஆண்கள் தலைவரி கட்டியதோடு, ஆண்டுக்கு நாற்பது நாள் கட்டாய வேலையும் செய்தார்கள். ஸ்பானியருக்கு இரண்டும் இல்லை. பின்னர் அமெரிக்கர் வந்தனர். 1946இல் விடுதலை கிடைத்த மறு ஆண்டே, நாட்டின் இயற்கை வளங்களில் குடிமக்களுக்கு நிகரான உரிமையை அமெரிக்கருக்கு வழங்கும்படி அரசியலமைப்பு திருத்தப்பட்டது. அது 1974 வரை நீடித்தது. இன்றைய 1987 அரசியலமைப்போ வெளிநாட்டவர் நிலம் வாங்குவதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. சட்டம் இவ்வளவு தூரம் மாறிய பிறகும் கட்டட வாசலில் நிற்கும் காவலரின் வழக்கம் மாறவில்லை.

இதை நான் அன்றாடம் காண்கிறேன். என்னோடு வரும் வெள்ளைக்கார சக ஊழியரைப் புன்னகையோடு உள்ளே விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் வரும் என் பையையும், எனக்குப் பின்னால் வரும் பிலிப்பினோ பெண்ணின் பையையும் காவலர் குச்சியால் கிளறிப் பார்க்கிறார். நானும் வெளிநாட்டவன்தான், ஆனால் இந்த ஊர்க்காரர்கள் 'கானோ' (அமெரிக்கர், பொதுவாக வெள்ளைக்காரர்) என்று மரியாதையோடு சொல்வது என்னை அல்ல. நான் 'பும்பாய்', அதாவது இந்தியன். ஐந்து கொடுத்து ஆறு வாங்கும் வட்டிக்காரன், அடம்பிடிக்கும் குழந்தையைச் சாக்கில் போட்டுக்கொண்டு போகிறவன் என்ற படிமங்கள் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வெளிநாட்டவருக்குக் கிடைக்கும் சலுகை என்று நாம் பேசுவது உண்மையில் தோலுக்குக் கிடைக்கும் சலுகை என்பதை நம் நிறத்தில் இருப்பவர்கள் எளிதில் உணரலாம்.

உணர்ந்த நாமே அதே சல்லடையைப் பிடித்து நிற்பதுதான் எனக்கு உறுத்துகிறது. (ஊரில் மணமகள் தேடும் விளம்பரம் நினைவுக்கு வந்தால் அது என் குற்றமல்ல.) நிறம் வெளுக்க குளூட்டாதியோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம் என்று இந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் பலமுறை எச்சரித்தும் அந்த ஊசிக்கு ஆள் குறையவில்லை. 2021 ஜூனில், வெளுத்த தோலுக்கு நல்ல மரியாதை கிடைக்கிறது என்ற கருத்தையே விற்பனைச் சரக்காக்கிய ஒரு விளம்பரப் பலகை பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. பலகையைத் திட்டுவது சுலபம். வேலைக்கு நிறம் உதவும் வரை அந்த மருந்தை வாங்குகிறவளை மூடத்தனமானவள் என்று எப்படிச் சொல்வது?

வாடிக்கையாளர் எதிர்பார்க்கிறார் என்ற பதிலை நான் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். தொலைபேசியில் பேசும் வேலைக்கு மூக்கின் வடிவம் எதற்கு என்று ஒருவரும் விளக்கியதில்லை. விளம்பரத்தில் வயது வரம்பு போடுவதை 2016ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தது; அதனால் தொழில் நின்றுவிடவில்லை. தொழில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

எனவே அடுத்த விளம்பரத்தில் தேவையான மொழித்திறன், பணி நேரம், சம்பளம் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். முதல் சுற்றில் பெயரும் படமும் இல்லாமல் விண்ணப்பங்களைப் படியுங்கள். எங்கள் குழுவில் பயன்படுத்தும் விண்ணப்பப் படிவத்தைக் கேட்பவர்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
மக்காத்தியில் பணிபுரியும் ஒரு தமிழன்