ஆலிவர் கஞ்சி கேட்டது துணிச்சலால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சார்லஸ் டிக்கன்ஸின் 'ஆலிவர் டுவிஸ்ட்' நாவலை முதன்முறையாகப் படித்தவரின் கட்டுரையை ஞாயிறு இதழில் கண்டேன். ரசித்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் ஏழைகள் காப்பகத்தில் வளரும் அநாதைச் சிறுவன் ஆலிவர் இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்டதை அவனுடைய துணிச்சல் என்கிறார், அப்படியில்லை. தினம் இன்னொரு கிண்ணம் கிடைக்காவிட்டால் பக்கத்தில் படுப்பவனையே தின்றுவிடுவேன் என்று உயரமான பையன் ஒருவன் மிரட்டுகிறான். யார் போய்க் கேட்பது என்று பிள்ளைகள் சீட்டுக் குலுக்குகிறார்கள். ஆலிவர் மாட்டிக்கொள்கிறான்.

சுருக்கப் பதிப்பை மட்டும் படித்தால் இதுபோல் பலவும் விட்டுப்போகும். முக்கியமாக, டிக்கன்ஸின் கேலி. காப்பகத்தை நடத்தும் கனவான்களை அவர் மகா ஞானிகள் என்கிறார். அந்த ஞானிகள் அளவில்லாத தண்ணீருக்கும் கொஞ்சூண்டு ஓட்ஸ் மாவுக்கும் ஒப்பந்தம் போடுகிறார்கள். வேளைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி. விசேஷ நாளென்றால் கூடவே இரண்டேகால் அவுன்ஸ் ரொட்டி, அதாவது சுமார் 64 கிராம். கிண்ணங்களைக் கழுவ வேண்டியதே இல்லை, பிள்ளைகளே கரண்டியால் பளபளவென்று வழித்துவிடுவார்கள். இந்தத் திட்டத்தில் தொடக்கத்தில் செலவு கூடியது, சவப்பெட்டிக்காரரின் பில் ஏறியதால்! வெளியே உழைக்கும் பரம ஏழையைவிட உள்ளே இருப்பவர் வசதியாக இருக்கக்கூடாது என்பது 1834ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஏழையர் சட்டத்தின் கொள்கை. டிக்கன்ஸ் குத்துவது அதைத்தான்.

உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் அந்தப் புகழ்ச்சியை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு குழம்புவார்கள். தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசிப் பளபளக்கின்றன என்று ஔவையார் பாடினாரே, அந்த வஞ்சப்புகழ்ச்சியை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டு இரண்டாம் அத்தியாயத்தைக் கையில் கொடுங்கள். மாதத் தொடராக வந்தபோது, 1837 பிப்ரவரியில் முதல் இரண்டு அத்தியாயங்களே வெளிவந்தன. வாசிப்புக் குழு அமைத்துப் படித்தால், முதல் சந்திப்புக்கும் அவ்வளவு போதும்.

நூலகத்தில் இரவல் வாங்குமுன் மொத்தம் 53 அத்தியாயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றாவதில் புகைபோக்கி துடைக்கும் கேம்ஃபீல்ட் வரவேண்டும். ஆலிவரைத் தொழில் பழகக் கூட்டிப்போக, காப்பகம் அவனுக்குத் தரப் பேசிய தொகை மூன்று பவுன் பத்து ஷில்லிங். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவிருந்த கிழட்டு நீதிபதி மூக்குக்கு நேரே இருக்கும் மைக்கூட்டைத் தேடி நிமிர்கிறார். பயத்தில் வெளிறிய பையனின் முகம் கண்ணில் படுகிறது. ஒப்பந்தம் முறிகிறது. இந்தக் காட்சி இல்லாத பதிப்பை அலமாரியிலேயே வைத்துவிடலாம்.

குழுவில் எல்லாரிடமும் ஒரே பதிப்பு இருப்பது நல்லது. சிறுவர்களைத் திருட்டுக்குப் பழக்கும் ஃபேகினை டிக்கன்ஸ் ஓயாமல் 'யூதன்' என்று குறிப்பிட்டதை யூதப் பெண்மணி ஒருவர் கடிதத்தில் கண்டித்தார். (வாசகர் கடிதமென்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!) அதன்பின் 1867 பதிப்பில் டிக்கன்ஸ் அவற்றுள் பலவற்றை நீக்கினார். பழைய பாடமும் புதிய பாடமும் கலந்திருந்தால் குழுவில் பாதிப்பேருக்கு ஒரு ஃபேகின், மீதிப்பேருக்கு வேறொரு ஃபேகின்.

இப்படிக்கு,
வாசகர், அங் மோ கியோ