55 கிராம் பொரியல்

பாளையங்கோட்டை
19.1.2025

அன்புள்ள சங்கரா,

இங்கு நான் நலம். அங்கு எல்லோரும் நலம்தானே. தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை என்று நம் கூட்டாளி 'தபாலி'டம் போனில் புலம்பினாயாம். அவன் வழக்கம்போல ஒன்றை மூன்றாக்கி என்னிடம் கொட்டிவிட்டான். தப்புதான். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி தட்டியிருக்கலாம். ஆனால் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுவாய். இது அப்படி முடிக்கிற விஷயம் இல்லை. நம் விடுதிக் கூட்டாளி 'ஒட்டக'த்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். முதலில் என் கதையைக் கேள், அவன் கதை அதற்குள்தான் வருகிறது.

மகளுக்கு இரண்டாவது பிரசவம். கார்த்திகை கடைசியிலேயே என் வீட்டுக்காரி ஓசூருக்குப் போய்விட்டாள். ஆண் குழந்தை, இருவரும் சௌக்கியம். பங்குனிக்குத்தான் திரும்புவாள். அதுவரை இந்த வீட்டில் சமையல் யார் என்கிறாயா? நான்தான். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

நவம்பரில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 என்று வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் நல்ல பிள்ளை. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரைக்காரன், உன் கட்சி. நான் வாசற்படியில் நிற்கிறேன். டாக்டர் சின்னப் பையன், நம் பிள்ளைகள் வயதுதான். "மாத்திரை இப்ப வேண்டாம் சார், சோத்தைக் குறைச்சுக் காயைக் கூட்டுங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றான். தினமும் காய் சாப்பிடுகிறேனே என்றேன். "எவ்வளவு?" என்று கேட்டான் பாரு, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். 31 வருஷம் பைசா பிசகாமல் கணக்கு எழுதியவனுக்கு, தன் தட்டில் விழுகிற பொரியலின் அளவு தெரியவில்லை.

மறுநாளே ஒரு சமையல் தராசு வாங்கினேன். மத்தியானம் எனக்கு நானே "போதும், போதும்" என்று சொல்லி வைத்துக்கொண்ட பீன்ஸ் பொரியல் 55 கிராம். சாம்பாரில் இரண்டு முருங்கைத் துண்டு. சக்கையைத் துப்பிய பிறகு உள்ளே போனது என்ன இருக்கும், விடு. ராத்திரி தோசைக்குத் தக்காளிச் சட்னி. வெங்காயம் தக்காளி எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்தும் அன்றைய மொத்தம் 130 கிராமைத் தாண்டவில்லை. ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் போட்ட வழிகாட்டியைப் பார்த்தேன். ஒரு நாளைக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம். அரிசி, கோதுமை, கம்பு, கேழ்வரகு எல்லாம் சேர்த்தே 250 கிராம்தான். எல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. நாம் ஐம்பது வருஷமாகச் சோற்று மலை கட்டி, அடிவாரத்தில் ஒரு கரண்டி பொரியலைக் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறோம்.

இதில் இன்னொரு இடி. உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் சேராது. உலக சுகாதார நிறுவனமும் மரவள்ளி, சர்க்கரைவள்ளி மாதிரியான மாவுக் கிழங்குகளைக் காய் என்று ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு இது தெரிந்தது பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால்! வீடெல்லாம் மண்வாசனையோடு சிறுகிழங்கு, சேனை, பிடிகிழங்கு என்று கிடக்கிறது, ஒன்றுக்கும் வரவு வைக்க முடியாது. சாப்பிட்டேன், அது வேறு விஷயம். சிறுகிழங்குப் பொரியலைச் சோற்றுக் கணக்கில் எழுதிவிட்டு, அன்றைக்குச் சோற்றைக் குறைத்துக்கொண்டேன்.

சரி, 130-ஐ எப்படி 400 ஆக்குவது? இரண்டு மாதமாக இதுதான் என் ஆராய்ச்சி. நெட்டில் தேடினால் எவனைப் பார்த்தாலும் சாலட், சாலட் என்கிறான். வெள்ளரிக்காயும் கேரட்டும் நறுக்கி எலுமிச்சை பிழிந்து நாலு நாள் தின்றேன். ஐந்தாம் நாள் நான் என்ன மாடா என்று தோன்றிவிட்டது. நமக்கு ஒத்து வருவது நம் சமையல்தான். அதில் அளவை மாற்றினால் போதும்.

முதலில் கண்டுபிடித்தது பந்தி விஷயம். கல்யாண வீட்டில் இலையில் முதலில் எதை வைக்கிறார்கள்? பச்சடி, கூட்டு, பொரியல், அவியல். நாம் என்ன செய்கிறோம்? ஏதோ குற்றம் செய்ய வந்தவர்கள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சோறு வருகிற வரைக்கும் காத்திருக்கிறோம். இப்போது நான் காத்திருப்பதில்லை. உட்கார்ந்ததும் ஒரு கிண்ணம் கூட்டு, சோறு இல்லாமல், கரண்டியால். அது முடிந்த பிறகுதான் சோறு. பாதி வயிறு நிறைந்துவிடுவதால் சோறு தன்னாலே குறைகிறது. நார்ச்சத்து முன்னால் போய் உட்கார்ந்துகொள்வதால், பின்னால் வருகிற சோற்றின் சர்க்கரையும் ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறுகிறது. செலவில்லாத வழி, செய்முறை கிடையாது. உனக்கு இது ஒன்றே போதும், மற்றதெல்லாம் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

கூட்டு என்று ஏன் சொன்னேன் என்றால், சோம்பேறிக்கு அதைவிட நல்ல பண்டம் இல்லை. சுரைக்காயோ சௌசௌவோ புடலங்காயோ கால் கிலோ, ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, மஞ்சள்தூள், குக்கரில் ஒரு விசில். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி ஒரு கொதி. பொரியல் என்றால் பக்கத்தில் நின்று கிளற வேண்டும், எண்ணெயும் குடிக்கும். சாம்பாரிலும் காயைத் தேடி மீன் பிடிக்கிற வேலை இப்போது இல்லை. பருப்பு எவ்வளவோ அதற்கு இரண்டு பங்கு காய். காலையில் ரவை உப்புமா என்றால் ரவையைவிடக் காய் அதிகம். பார்ப்பதற்குக் காய்ப் பொரியலில் ரவை சிந்தினது மாதிரி இருக்கும், ருசிக்குக் குறைவில்லை. அடையில் இரண்டு கை முருங்கைக்கீரை. இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியை நிறுத்திவிட்டு, ஒரு நாள் கத்தரிக்காய்க் கொத்சு, ஒரு நாள் பீர்க்கங்காய்த் துவையல். பீர்க்கங்காயின் தோலில் துவையல், சதையில் கூட்டு. ஒரு காயில் இரண்டு வரவு! ஞாயிற்றுக்கிழமை கூட்டாஞ்சோறு. அம்மா வைத்தது மாதிரி வரவில்லை, ஆனால் அரிசி, பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய், அவரை, கீரை என்று ஒரே பானையில் எல்லாம் முடிந்துவிடுகிறது. நம் ஊர்க்காரன் எவனோ இந்தத் தொல்லைக்கு எப்போதோ வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறான்.

இதெல்லாம் சுலபம் என்று நினைத்தேன். நறுக்க உட்கார்ந்ததும்தான் புரிந்தது. மனிதன் காய் சாப்பிடாமல் இருப்பதற்குக் காரணம் ருசி இல்லை சங்கரா, நறுக்குகிற வேலை. முதல் நாள் அரைக் கிலோ கொத்தவரங்காயைக் கிள்ள ஒரு மணி நேரம். வாழைப்பூவில் ஒவ்வொரு பூவிலிருந்தும் கள்ளனை எடுத்து எடுத்து, விரலெல்லாம் கறுப்பு. பிறகு பொரியல் அரைக் கிண்ணம்! 34 வருஷமாக இதையெல்லாம் நறுக்கிப்போட்டவளிடம் "என்ன, இன்னைக்கும் கோஸா?" என்று கேட்டிருக்கிறேன். போனில் அவளிடம் இதைச் சொன்னேன். "வாழைப்பூவ விடுங்க, கேஸை ஒழுங்கா மூடினீங்களா?" என்றாள்.

இப்போது ஒரு முறை வைத்திருக்கிறேன். புதனும் ஞாயிறும் காலையில் மகாராஜநகர் உழவர் சந்தை. மதுரையில் 1999 நவம்பரில் முதல் சந்தை திறந்தபோது இதெல்லாம் எத்தனை நாளைக்கு என்று நீயும் நானும் டீக்கடையில் பேசினோமே, அது இன்னும் நடக்கிறது. வந்ததும் அரிவாள்மணையைப் போட்டு, ரேடியோவை வைத்துக்கொண்டு இரண்டு நாளுக்கான பீன்ஸ், கேரட், கோஸ், அவரையை ஒரே மூச்சில் நறுக்கி டப்பாவில் போட்டுப் பிரிட்ஜில் வைத்துவிடுவேன். கத்தரிக்காய், வாழைக்காய், வாழைத்தண்டு எல்லாம் கறுத்துவிடும், அவற்றை அன்றன்றைக்குத்தான். கீரையை வாங்கியதும் கழுவக் கூடாது. ஆய்ந்து துணியில் சுற்றி வைத்தால் இரண்டு நாள் நிற்கும். ஈரத்தோடு வைத்து ஒரு கட்டு அரைக்கீரையை அழுகவிட்டு, கீரைக்கார அம்மாவிடம் திட்டு வாங்கிக் கற்ற பாடம் இது.

உனக்கு இந்த வேலைகூட இல்லை. உங்கள் தாம்பரத்தில்தான் நறுக்கின காய் பாக்கெட்டில் வருகிறதே. மருமகள் வேலைக்குப் போகிறவள், அவள் தலையில் இதைக் கட்டாதே. பென்ஷன் வாங்கிக்கொண்டு பேப்பரை இரண்டு தடவை படிக்கிறாய். ஒரு தடவை படித்துவிட்டு மிச்ச நேரத்தில் அவரைக்காய் நார் உரி.

நடைப்பயிற்சிக் கோஷ்டி ஒன்று இங்கே இருக்கிறது. அவர்கள் வழி தனி. காலையில் பச்சைச் சுரைக்காய்ச் சாறு, ஒரே மடக்கு. எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார்கள். வாயில் வைத்தால் கசப்பு. துப்பிவிட்டு, அவர்களையும் குடிக்கவிடாமல் சண்டை போட்டேன். சில சுரைக்காயில் குக்குர்பிட்டாசின் என்று ஒரு விஷம் ஏறிவிடும், கசப்புதான் அடையாளம். கசக்கிற சாற்றைக் குடித்து உயிர் போன சம்பவங்கள் நம் நாட்டிலேயே உண்டு. மருந்துதானே, கசக்கத்தான் செய்யும் என்று பெரியவர் ஒருவர் என்னிடமே தர்க்கம் செய்தார். சாற்றில் நார்ச்சத்தை வடிகட்டிக் கொட்டியும் விடுகிறார்கள். எதற்கு இந்தப் பாடு? கூட்டு வைத்துத் தின்னலாமே.

இனி ஒட்டகம்.

பொங்கல் கழிந்த மறுநாள் போனேன். பனங்கிழங்கும் சிறுகிழங்கும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு, முட்டாள் மாதிரி. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் ஓடுகிறது என்று தபால் சொல்லியிருப்பான். அவன் சொல்லாதது, ஆள் பாதியாகிவிட்டான் என்பது. அந்த உயரத்துக்கு உடம்பு இல்லை, சட்டை மட்டும்தான் இருக்கிறது. நான் கொண்டுபோன பையை அவன் சம்சாரம் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு உள்ளே எடுத்துப் போனார்கள். பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுபோகலாமாம். அதனால் கிழங்கு கூடாது, கீரை கூடாது, இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. மற்ற காயும் கொஞ்சம்தான். பொடியாக நறுக்கி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். நான் இருக்கும்போதே அந்த அம்மா கோஸ் வெந்த தண்ணீரை முற்றத்தில் ஊற்றினார்கள். ஆவி அடங்கும் வரை இவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த முற்றத்து முருங்கை உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது ஓட்டுக்கு மேலே போய்விட்டது, தரையெல்லாம் இலை. ஒட்டகம் அதைக் காட்டி, "ஏல, ஒரே ஒரு கை, பருப்புப் போட்டு, தண்ணி வடிக்காம" என்றான். விடுதியில் கத்தரிக்காயைப் பொறுக்கிப் பொறுக்கி உன் தட்டில் தள்ளுவானே, அதே பயல். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. கத்தரிக்காய் சார் கதையை எடுத்துவிட்டேன். சிரித்தான். சிரித்து மூச்சு வாங்கிப் படுத்துக்கொண்டான்.

காய் தின்றிருந்தால் அவனுக்குக் கிட்னி போயிருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. 22 வருஷச் சர்க்கரை, அதில் பத்து வருஷம் மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்கினான், பிரஷரைப் பார்க்கவே இல்லை. அவனே சொன்னான். ஆனால் உனக்கும் எட்டு வருஷம் ஆகிறது. போனில் கேட்டால் "காயெல்லாம் ஆட்டுக்குத்தாம்லே" என்கிறாய். கிட்னியின் நிலையைக் காட்டுகிற கிரியாட்டினினும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதும் கடைசியாக எப்போது பார்த்தாய்? வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டையும் பார்க்க வேண்டுமாம். இந்த மாதமே போய்க் கொடு. நம்பரை எனக்கு எழுது. நல்ல நம்பராக இருந்தால் கீரையைத் தின்ன ஆரம்பி, இல்லாவிட்டால் முதலில் டாக்டரைக் கேள்.

நான் இப்போது 350-இல் நிற்கிறேன். சில நாள் 400 தொடும், விருந்தாளி வந்தால் 200-க்கு விழும். சோறு பாதியாகிவிட்டது. பிப்ரவரி கடைசியில் ரத்தம் கொடுக்க வேண்டும். தினம் எழுதி வைக்கிற நோட்டை என் வீட்டுக்காரி பார்த்தால், 34 வருஷத்தில் வீட்டுக்கு ஒரு நாளாவது இப்படிக் கணக்கு எழுதியது உண்டா என்று ஆரம்பிப்பாள்.

உனக்கு ஒரே ஒரு வேலை. நாளைக்கு மத்தியானம் உன் தட்டில் விழுகிற காயை, வாயில் வைப்பதற்கு முன்னால் எடை போட்டு எழுது. தராசு இல்லை என்று சொல்லாதே, கீழே மளிகைக் கடையில் போய்ப் போடு, மானம் போனால் போகட்டும். பொய் எழுதினால் மருமகளுக்குப் போன் போட்டுக் கேட்பேன். ஒட்டகத்துக்கும் ஒரு கடிதம் போடு. போன் பேசினால் மூச்சு வாங்குகிறது, கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறான்.

தெருவில் சாணைக்காரர் சத்தம் கேட்கிறது. அரிவாள்மணை மழுங்கிப்போய் நாலு நாளாக அவருக்காகத்தான் காத்திருக்கிறேன்.

உன்,
மணி

பி.கு.: ஒட்டகம் வீட்டிலிருந்து திரும்பி வந்த சிறுகிழங்கு இரண்டு கிலோ இருக்கிறது. தபாலின் மகன் வெள்ளிக்கிழமை ரயிலில் அங்கே வருகிறான், கொடுத்து அனுப்புகிறேன். அது காய் இல்லை, சோற்றுக் கணக்கு. ஞாபகம் வை.