மாதையனுக்கு, மாற்று டிக்கெட் குறித்து

கிருஷ்ணகிரி
பிப்ரவரி 2026

அன்புள்ள மாதையா,

தீபாவளிக்கு நீ எழுதியதற்கும் பொங்கலுக்கு எழுதியதற்கும் சேர்த்து இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். பெரியவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? எனக்குத் தங்கச்சி முறையான உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

நேற்று லாரி சேகர் கடைக்கு வந்தான். மே கடைசியில் நீ குடும்பத்தோடு அந்தமான் போகப் போகிறாயாம். விமானம் ரத்தாகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, ஐந்து பேருக்கும் போக, வர இரண்டு வழிக்கும் இரட்டை டிக்கெட் எடுத்து வைக்கப் போகிறாயாம். முதல் செய்தியைக் கேட்டதும் மனசு நிறைந்தது. கலைக் கல்லூரி விடுதியில் படுத்துக்கொண்டு கடல், கடல் என்று புலம்பியவன் நீ. ஹொகேனக்கல்லில் பரிசல் ஏறியதும் நடந்ததைத் தங்கச்சியிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். ஆனால் டிக்கெட் போட்டே பிழைப்பவன் ரவுண்டானா பக்கத்தில் கடை வைத்து உட்கார்ந்திருக்கும்போது, உன் பயணத்தை நான் சேகர் வாயால் கேட்க வேண்டுமா? அந்தக் கோபத்தில்தான் பேனாவை எடுத்தேன். இனி எழுதப்போவது கோபத்தில் இல்லை, பொறுமையாகப் படி.

உன் பயம் நியாயமானது. போன டிசம்பரை யாரும் மறக்கவில்லை. விமானிகளின் ஓய்வு நேர விதிகள் இறுகின. வார ஓய்வு 48 மணி நேரம் என்று ஆனது, இரவில் தரையிறங்குவதற்கும் வரம்பு வந்தது. தேவையான விதிதான், தூக்கக் கலக்கத்தில் ஒருவர் ஓட்டும் விமானத்தில் உன் அம்மாவை ஏற்றுவாயா? ஆனால் அதற்குத் தக்க ஆட்களைத் திட்டமிடாமல் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமே தடுமாறியது. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. மற்ற நிறுவனங்களின் கட்டணம் கண்டபடி ஏறியதால் மறுநாளே அரசு உச்சவரம்பு போட்டது. சென்னையிலிருந்து போர்ட் பிளேயர் போகும் தூரத்துக்கு, அதாவது ஆயிரம் முதல் 1,500 கி.மீ. வரை, 15,000 ரூபாய், வரிகள் தனி. வரம்பு போட்ட பிறகே இந்த விலை. ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டுப் பார்.

என் உடன்பிறந்த தங்கை குடும்பம் அந்த நாட்களில் பெங்களூர் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டது. அவளுடைய மாமியாரின் இன்சுலின் ஒரு சின்ன பிளாஸ்க்கில் இருந்தது. ஐஸ் உருகிக்கொண்டே வர, காபிக் கடைப் பையனிடம் கேட்டுக் கேட்டு நிரப்பிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பெட்டிகளின் மேல் தலைவைத்துத் தூங்கிவிட்டார்கள். நான் இங்கே கம்ப்யூட்டரில் வேறு விமானம் தேடுகிறேன். ஐந்து இடம் என்று அடித்தால் இல்லை என்கிறது, இரண்டு என்று அடித்தால் இருக்கிறது. அந்த 'இரண்டு' என்ற எண்ணைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நேற்றிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில், எதற்குப் பயந்து இரண்டாவது டிக்கெட் எடுக்கிறாய்? விமான நிறுவனம் கவிழ்ந்துவிடும் என்றா, வானிலை கெட்டுவிடும் என்றா? இரண்டுக்கும் மருந்து வேறு. நிறுவனத்தில் கோளாறு என்றால் அதே நாளில் வேறொரு நிறுவனத்தின் விமானம் உன்னைக் காப்பாற்றும். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்டும் நின்றபோது மற்றவர்கள் பறந்துகொண்டுதான் இருந்தார்கள். புயல் என்றால் எல்லா நிறுவனமும் சேர்ந்தே தரையில் நிற்கும். மிக்ஜாம் புயலில் 2023 டிசம்பர் 4 அன்று சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சலுக்கும் அப்படித்தான். அதே ஃபெஞ்சல் நம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழையைக் கொட்டி, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களை உருட்டிக்கொண்டு போனதை மறந்திருக்க மாட்டாய். அந்த நாட்களில் சென்னையில் உன் பெயரில் எத்தனை டிக்கெட் இருந்திருந்தாலும் பயன் என்ன? ஊத்தங்கரையையே தாண்டியிருக்க முடியாது. புயலுக்கு எதிரான மாற்று டிக்கெட் வேறு நாளில் இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியம், மே கடைசி வாரத்தை விட்டுவிடு. ஹோட்டல் மலிவு என்று அந்த வாரத்தைப் பிடித்திருப்பாய், எனக்குத் தெரியும். தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு ஜூன் 1 வாக்கில் வரும் என்றால், அந்தமானுக்கு மே 20 ஒட்டியே வந்துவிடும். வங்கக் கடலில் புயல் கிளம்பும் மாதங்களில் மே மாதமும் ஒன்று. கடல் கொந்தளித்தால் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பலை முதலில் நிறுத்துவார்கள். பையன் பத்தாம் வகுப்பு எழுதி முடித்த கையோடு ஏப்ரலிலேயே கிளம்பு. ஹோட்டலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும், நீ செலவழிக்க நினைக்கும் இரட்டை டிக்கெட்டைவிட அந்தப் பணம் உனக்கு அதிகப் பாதுகாப்பு தரும்.

போகும் வழிக்கு மாற்று டிக்கெட் வேண்டாம். விமானம் ரத்தானால் நீ இருக்கப்போவது உன் வீட்டில். ஒரு நாள் தள்ளிப் போவாய், ஓர் இரவு ஹோட்டல் வாடகை போகும், அவ்வளவுதான். நிறுவனம் ரத்து செய்தால் முழுப் பணமும் உனக்குத் திரும்ப வேண்டும், அல்லது வேறு விமானத்தில் இடம் தர வேண்டும். இது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. முன்கூட்டிச் சொல்லாமல் தங்கள் தவறால் ரத்து செய்தால் இழப்பீடும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 10,000 ரூபாய் வரை, ஆனால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவாக இருந்தால் குறைந்த தொகைதான். புயல் போன்ற காரணத்துக்கு இழப்பீடு கிடையாது.

சேலத்திலிருந்து சின்ன விமானத்தில் சென்னை போய் அங்கே மாறலாம் என்றும் யோசிக்கிறாயாமே. காமலாபுரம் விமான நிலையம் உனக்குப் பக்கம்தான், தொப்பூர் கணவாயைத் தாண்டினால் வந்துவிடும். ஆனால் இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். முந்தின இரவே சென்னையில் அத்தை வீட்டில் தங்கு. அத்தையின் தூதுவளை ரசத்துக்காகவாவது தங்கு.

திரும்பி வரும் வழிதான் விஷயம். மாதையா, அது தீவு. பெங்களூரில் விமானம் ரத்தானால் சாட்டிலைட் பஸ் நிலையத்துக்குப் போய் ஏதாவது ஒரு வண்டியில் ஏறிவிடலாம், இரவுக்குள் தருமபுரி. போர்ட் பிளேயரிலிருந்து சென்னைக்கு நடுவில் 1,300 கி.மீ.க்கு மேல் கடல். கப்பல் என்றால் மூன்று நாள் ஆகும், அதுவும் தினமும் கிடையாது. அங்கே ஐந்து பேரும் மாட்டிக்கொண்டால் உனக்கும் தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என்ன ஆகிவிடும்? இன்னும் இரண்டு நாள் கடலைப் பார்ப்பீர்கள். பையன் கொண்டாடுவான். அம்மாவின் நிலை வேறு. எண்ணிக் கொண்டுபோன மருந்து, உணவுக் கட்டுப்பாடு, முழங்கால் வலி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு அவர்களை அந்தக் கூட்டத்தில் உட்கார வைக்க முடியாது.

அதனால் இரண்டே இரண்டு மாற்று டிக்கெட் போதும். அம்மாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. திரும்பும் நாளுக்கு மறுநாள், வேறு நிறுவனத்தில், பெங்களூருக்கு. மூலப் பயணம் சென்னைக்கு, மாற்று பெங்களூருக்கு என்று இருந்தால் சென்னையில் மழை கொட்டினாலும் வழி இருக்கும். மறுநாள் என்று ஏன் அடித்துச் சொல்கிறேன் தெரியுமா? அதே நாளில் அடுத்த விமானத்தில் மாற்று எடுத்தால், புறப்படச் சில மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்ய வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் உன் காலை விமானம் கிளம்புமா கிளம்பாதா என்றே தெரியாமல் போகலாம். மறுநாள் டிக்கெட் என்றால் சென்னையில் இறங்கி, பெட்டியை எடுத்து, அம்மாவை உட்கார வைத்துவிட்டு நிதானமாக ரத்து செய்யலாம். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் ரத்துக்குக் குறைவாகப் பிடிக்கும் வகையில் எடுத்துத் தருகிறேன். பிடித்தது போக மீதி வந்துவிடும். பிடித்த தொகை, நாம் வண்டிக்கு வருஷா வருஷம் கட்டும் இன்சூரன்ஸ் மாதிரி. தங்கச்சி சீட்டுக் கட்டி எடுத்த பணம் இது என்று சேகர் சொன்னான். பத்து டிக்கெட்டில் அதைக் கரைக்காதே.

இன்னும் சில உண்டு. போக, வர ஒரே டிக்கெட்டாக எடுக்காதே. போகும்போது ஏறாமல் விட்டால் வரும் இடமும் தானாகப் போய்விடக்கூடும். மூல டிக்கெட்டிலும் உன்னையும் அம்மாவையும் ஒரு பிஎன்ஆரில், அதாவது ஒரே பதிவு எண்ணில், வைத்து மற்ற மூவரை இன்னொன்றில் போடுகிறேன். நிறுவனம் வேறு விமானத்துக்கு மாற்றும்போது ஐந்து இடம் சேர்ந்து கிடைக்காது, இரண்டு கிடைக்கும். சக்கர நாற்காலி வேண்டும் என்பதை மாற்று டிக்கெட்டிலும் மறக்காமல் பதிவு செய்ய வேண்டும். கடைசி இரவு ஹேவ்லாக்கில் தங்காதே, போர்ட் பிளேயரிலேயே தங்கு. மருந்து ஒரு வாரத்துக்கு உபரியாக, கைப்பையில் இருக்கட்டும். கீழே போகும் பெட்டியில் வேண்டாம்.

ஒன்றை மட்டும் உன்னிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன். சென்னையில் கால் வைத்த நிமிஷமே அந்த இரண்டு இடத்தையும் விட்டுவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம், போனால் போகிறது என்று கிடக்க விடாதே. டிசம்பரில் என் கடையில் ஒருவர் நின்றார், மும்பையில் அண்ணன் இறந்த செய்தி வந்து. காரியத்துக்குப் போக ஓர் இடம், ஒரே ஓர் இடம் கேட்டார். என்னால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அந்த மாதிரி நாட்களில் யாரோ பயத்தில் பிடித்து வைத்து, ஏறாமலும் ரத்து செய்யாமலும் விட்ட இருக்கைகள் காலியாகவே பறந்திருக்கும். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஐந்து பேருக்கு இரண்டு வழிக்கும் இரட்டை டிக்கெட் வேண்டாம் என்று நான் சொல்வதில் உன் பணத்தைப் போலவே இதுவும் ஒரு காரணம். விற்றால் எனக்கும்தான் கமிஷன் கிடைக்கும். ஆனாலும் போட மாட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாருடைய பெயரும் ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதி அனுப்பு. அம்மாவின் பெயரில் உன் அப்பா பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல், அங்கேதான் எப்போதும் தகராறு வரும். தேதியை ஏப்ரலுக்கு மாற்றத் தங்கச்சி சம்மதிக்கவில்லை என்றால் என்னிடம் போனில் பேசச் சொல். மாங்காய் இறங்குவதற்குள் நீங்கள் திரும்பியிருப்பீர்கள், அப்போது நான் தருமபுரி வருகிறேன். சேகரையும் கூட்டி வருகிறேன், பழைய கணக்கு ஒன்று அவன் தீர்க்க வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
முனியப்பன்