543-ஐக் கழித்தால் மட்டும் போதாது

அன்பு மகளுக்கு,

பாங்காக் அருங்காட்சியகத்தில் நீ எடுத்தனுப்பிய பலகைப் படத்தைப் பார்த்தேன். சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசர் ஏழாம் ராமா முடி துறந்த நாள், தாய் மொழி வரியில் புத்த ஆண்டுக் கணக்குப்படி 2477 மார்ச் 2. ஆங்கில ஆண்டுக்காக அதில் 543-ஐக் கழித்தால் 1934. பக்கத்து ஆங்கில வரியிலோ 1935. எது தப்பு என்று கேட்டிருந்தாய். இரண்டுமே சரிதான், கண்ணு.

சயாமில் அப்போது ஆண்டு பிறந்தது ஏப்ரல் 1-ஆம் தேதி. 2477 என்பது 1934 ஏப்ரலில் தொடங்கி 1935 மார்ச் 31-இல் முடிந்தது. ஆகவே அந்தக் காலத்து ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதிகளுக்கு மட்டும் 542-ஐக் கழிக்க வேண்டும். 1941-இல் ஆண்டுப் பிறப்பை ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். அதனால் 2483-ஆம் ஆண்டுக்கு ஒன்பதே மாதம்! அதற்குப் பிந்தைய தேதிகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு 543.

சயாமின் பழைய தலைநகர் அயுத்தயா தொடங்கியது 1350-ஆ, 1351-ஆ என்று புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவதற்கும் இதுதான் காரணம். பழைய வரலாற்றேடுகள், முன்பு வழங்கிய சூல சகராத் என்ற ஆண்டுக் கணக்கில் 712 என்கின்றன. 638-ஐக் கூட்டினால் 1350 வரும். ஆனால் நகரம் தொடங்கிய நாள் மார்ச் தொடக்கத்தில் விழுகிறது. நம் சித்திரையைப் போல ஏப்ரலில்தான் அந்தக் கணக்கில் புத்தாண்டு. எனவே 1351 என்பதே சரி.

ஐந்தாம் ராமா காலத்து ஆவணங்களில் 'ரோ. சோ.' என்று இருந்தால் அது பாங்காக் தலைநகரான 1782-ஐ முதலாண்டாக வைத்த கணக்கு, 1781-ஐக் கூட்டிக்கொள். ரோ. சோ. 112 அடிக்கடி கண்ணில் படும். 1893-இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் சாவ்பிரயா ஆற்றுக்குள் புகுந்ததும், மேகோங்கின் கிழக்குக் கரை சயாமின் கையை விட்டுப் போனதும் அந்த ஆண்டுதான். செய்தியில் வரும் 112 வேறு. அரசர், அரசி, பட்டத்து வாரிசு, அரசப் பிரதிநிதி ஆகியோரை இழிவுபடுத்துவதற்கான தண்டனைப் பிரிவு அது. ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு சிறை. இணையத்தில் பிறர் எழுதியதைப் பகிர்ந்தவர்களும் உள்ளே போயிருக்கிறார்கள். அந்தப் பேச்சு வந்தால் வாயைத் திறக்காதே.

இனி பெயர்கள். 'ஐந்தாம் ராமா' என்றெல்லாம் எண்ணுவது ஆறாம் அரசர் வஜிராவுத் வெளிநாட்டாருக்காகக் கொண்டுவந்த வழக்கம். தாய்க்காரர்கள் 'ரச்சகான் தீ ஹா' என்பார்கள், ஐந்தாம் ஆட்சி. ரச்சகான் வேறொன்றுமில்லை, நம் ராஜ்ய காலம்தான். சொல்லின் கடைசியில் ல, ர எது வந்தாலும் அவர்கள் வாயில் ன் ஆகிவிடும்: காலம் கான், நகரம் நகோன், பலம் போன். எழுத்தில் பூமிபல என்றிருப்பதைப் பூமிபோன் என்று படிப்பதும் அப்படித்தான். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே பாதிப் பலகையைப் படித்துவிடலாம்.

முதல் இரண்டு அரசர்களின் பெயர்க் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அரசரின் சொந்தப் பெயரைச் சொல்வது மரியாதையில்லை என்பதால் மக்கள் 'முதல் ஆட்சி', 'நடு ஆட்சி' என்று சொல்லிவந்தார்கள். மூன்றாமவருக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும்: நடுவுக்கு அடுத்தது கடைசிதானே! அவர் பாட்டனார், தந்தையார் நினைவாக இரண்டு புத்தர் சிலைகளைச் செய்வித்து, அந்தச் சிலைகளின் பெயராலேயே இருவரையும் குறிக்கச் சொல்லிவிட்டார். புத்த யோத்ஃபா, புத்த லோத்லா என்ற பெயர்கள் வந்தது அப்படி.

உன் அலுவலகத்தில் ஒருவர் பெயருக்கு முன் 'மொம் லுவாங்' என்று போட்டிருப்பதைப் பார்த்து இளவரசரா என்று கேட்டாயே, இல்லை. அங்கே அரச ரத்தம் தலைமுறைக்கு ஒரு படி இறங்கும். 'மொம் சாவ்' வரைதான் அரச குடும்பம். அவர் பிள்ளை மொம் ராச்சவோங், பேரப்பிள்ளை மொம் லுவாங், அதற்கடுத்தவர் சாதாரணக் குடிமக்கள். குடும்பப் பெயரோடு 'ந அயுத்தயா' என்று சேர்த்துக்கொள்வது மட்டும் மிச்சம். எல்லாம் தந்தை வழிதான். ஐந்தாம் ராமாவுக்கு 77 பிள்ளைகள். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஊரில் பாதிப்பேர் இளவரசர்களாக இருந்திருப்பார்கள்.

மார்கழி வாக்கில் பாங்காக்கின் பிராமணக் கோயிலான தேவஸ்தானுக்குப் போய் வா. 1784-இல் கட்டியது, பெரிய ஊஞ்சல் கம்பத்துக்குப் பக்கத்தில். சிவன், பிள்ளையார், நாராயணன் மூவருக்கும் தனித்தனிக் கட்டடம். அரசவைப் பிராமணர்கள் அப்போது நடத்தும் சடங்கின் பெயர் 'த்ரியம்பவாய்–த்ரிபவாய்'; திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். கிரந்தத்திலிருந்து வந்த எழுத்தில் ஏடுகளில் காத்துவந்த தமிழ்ப் பாடல்களை ஓதுவார்கள். உச்சரிப்பு வெகுவாக மாறியிருப்பதால் எடுத்த எடுப்பில் பிடிபடாது. பாடலைக் கையில் வைத்துக்கொண்டு கேள்.

ஜனவரி முதல் மார்ச் வரை தேதியிட்ட பழைய பலகை இன்னும் கிடைத்தால் படம் அனுப்பு, சேர்ந்து கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
அப்பா