பாட்டுப் போடுங்கள், மணி சொல்லிவிட்டுப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடி மாத ஒலிபெருக்கி பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். வருஷத்துக்கு நாலு நாள் அம்மன் பாட்டுக் கேட்க முடியாதவர்கள் காட்டில் போய்க் குடியிருக்கட்டும் என்பது அவர் கட்சி. போன வருஷம் படித்திருந்தால் நானும் 'சரியாத்தான் சொல்லியிருக்கார்' என்று தலையாட்டியிருப்பேன். இப்போது தலையை அவ்வளவு வேகமாக ஆட்ட முடிவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் வேலூர் லாங் பஜார் பக்கம் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவன். இருபத்தெட்டு வருஷத் தொழில். ஆரம்பத்தில் உளியும் சுத்தியும், புள்ளி புள்ளியாக. பிறகு கரண்ட் மெஷின் வந்தது. குடத்தைத் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, மெஷின் முனையை வைத்தால் 'டர்ர்' என்று ஒரு சத்தம் வரும். வெறுங்குடம் அதை வாங்கி இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கும். கடைக்கு எதிரில் ஆட்டோ, மூட்டை இறக்கும் லாரி, பக்கத்துக் கடையில் உருட்டிவிடும் அண்டா. இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்து கொம்பு, சுழி பிசகாமல் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் வெட்டியிருக்கிறேன். சத்தத்தில் சோறு தின்றவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன கார்த்திகையில் மழை விட்ட ஒரு சாயங்காலம், சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் என் எக்ஸெல் வண்டி மணலில் சறுக்கிவிட்டது. யார் மேலும் குற்றம் இல்லை. ஹெல்மெட் போட்டிருந்தேன், கொக்கி மாட்டவில்லை. அது ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம். சில நிமிஷம் நினைவில்லை, ஒரு தடவை வாந்தி. ஒரு தனியார் மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை, எல்லாம் நார்மல். மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் தேங்காய் உடைத்தோம்.

மூன்றாம் நாள் சமையல்கட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கீழே விழுந்தது. விழுந்தது அங்கே, அடித்தது என் மண்டைக்குள்ளே. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கண் கூசி, குமட்டி, அரை நாள் தலைவலி. ஒரு டம்ளருக்கு! அன்றிலிருந்து குக்கர் விசில், சில்லறை எண்ணும் சத்தம், பேரன் பலூன் தேய்ப்பது, கதவுத் தாழ்ப்பாள், எல்லாமே எதிரி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் சொன்னதும் புரியாது. டி.வி. ஓடும்போது மனைவி "ஏங்க, சாப்பிட வாங்க" என்றால் எரிந்து விழுவேன். அவள் பாவம், வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தாள்.

காதில்தான் கோளாறு என்று காது டாக்டரிடம் போனேன். பெட்டி மாதிரி ஓர் அறையில் உட்கார வைத்துக் கேட்கும் திறனைச் சோதித்தார்கள். அதுவும் நார்மல். வீட்டில் லேசாகச் சந்தேகம் வந்தது, 'மனுஷன் நடிக்கிறானோ' என்று. எனக்கே வந்தது.

கடைசியில் நரம்பு டாக்டர் ஒருவர்தான் விளக்கினார். "நீங்க வெட்டும்போது தெருவில் போற பஸ் சத்தம் காதில் விழுந்ததா?" என்று கேட்டார். விழுந்திருக்கும், தெரியாது என்றேன். விழாமல் இல்லை, வேண்டாத சத்தத்தை ஒதுக்கித் தள்ளுவது மூளையின் வேலை, மூளை அதிர்ந்த பிறகு அந்த வேலை தடுமாறுகிறது, அதனால் எல்லாச் சத்தமும் ஒரே அளவில் உள்ளே வந்து மோதுகிறது என்றார். இந்த அதிர்ச்சி ஸ்கேனில் தெரியாதாம். ஸ்கேன் ரத்தக்கசிவையும் முறிவையும் காட்டும், மூளை எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டாது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும் என்றார். நான் இழுக்கிற கட்சி.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் சென்ற இதழில் எழுதிய வாசகருக்கு முக்கியம். நான் அதுவரை இரண்டு காதிலும் பஞ்சு அடைத்து, ஜன்னலைச் சாத்தி, இருட்டில் கிடந்தேன். அது கூடாதாம். நாள் முழுக்கக் காதை அடைத்தால் மூளை சத்தத்தைத் தேட ஆரம்பித்துவிடும், அப்புறம் சின்னச் சத்தமும் பூதமாகும். மின்விசிறி ஓடட்டும், ரேடியோவை மெல்ல வையுங்கள், வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள் என்றார். ஆக, அந்த வாசகர் சொல்கிற காடு எனக்கு மருந்தில்லை, விஷம். நான் ஊருக்குள் இருந்துதான் தேற வேண்டும்.

ஊரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிற ஊர் இல்லை. மாசியில் மயானக் கொள்ளை. பம்பைச் சத்தம் கேட்டால் தானாகக் கால் ஆடுகிற ஆள் நான், பாலாற்று மணலுக்கு அப்பா தோளில் உட்கார்ந்து போனவன். இந்த வருஷம் ஊர்வலம் தெருமுனைக்கு வருமுன்பே பேர்ணாம்பட்டு மச்சான் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன். ஏறிய பஸ்ஸில் ஏர் ஹார்ன்! இப்படிப் பல சுரத்தில் அலறும் ஹார்னுக்குச் சட்டத்திலேயே இடமில்லை. தேவையில்லாமல் ஹார்ன் அடித்தால் முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது. கட்டியவரை நான் பார்த்ததில்லை.

ஒலி மாசு விதிகள் 2000-லேயே வந்துவிட்டன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்கே 50-ம் 40-ம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு அரசு விலக்குக் கொடுத்தாலும் இரவு 12 வரைதான், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. எங்கள் தெருவில் பாட்டு ஆரம்பிப்பது காலை நாலரைக்கு. தங்கை மகன் போனில் அளந்து 85 என்றான். போன் கணக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அந்த நேரத்துக்கான 45-ஐ விடுங்கள், பகல் கணக்கு 55-க்கும் 85-க்கும் முப்பதுதானே என்று நினைத்தேன். அப்படியில்லையாம், பத்துப் பத்தாக ஏறும்போது சத்தத்தின் ஆற்றல் ஒவ்வொரு தடவையும் பத்து மடங்கு. முப்பது ஏறினால் ஆயிரம் மடங்கு.

இந்தியாவிலேயே முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான். வங்காளம், ஜார்க்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ தலைக் கட்டோடு ரயிலில் வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். அவர்களை ஆட்டோவில் ஏற்றி, ஹார்ன் அடித்துக்கொண்டே ஆற்காடு ரோட்டில் கொண்டு போய் விடுகிறோம்.

இனி ஆடிக் கூழ் விஷயம். முதல் வாரம் நாலரைக்குப் பாட்டு ஆரம்பித்தபோது குழாய் ஸ்பீக்கர் ஒன்று நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்து இருந்தது. மைக் செட் தம்பியிடம் போனேன். "இன்னாண்ணே, பாக்க நல்லாத்தான கீற?" என்றான். விளக்கினேன். அவனுக்குப் புரிந்ததா தெரியாது, ஆனால் அவன் தங்கை கல்யாணச் சீர் வரிசைக்குப் பெயர் வெட்டியவன் நான். ஏணி போட்டு ஏறி, குழாயைக் கோயில் பக்கம் திருப்பினான். பத்து நிமிஷ வேலை. கூழ் வாங்க நிற்கிறவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள், பாட்டு அவர்களுக்குத்தானே? ஜன்னல் கண்ணாடி அதிர்வது நின்றது. ஒரு பையன் மட்டும் "அண்ணன் செவுடுக்கு ஆப்போசிட்" என்றான். சிரித்துவிட்டேன்.

இந்த எட்டு மாதத்தில் நான் கண்டது இதுதான்: வரப்போகிறது என்று தெரிந்த சத்தம் பாதி சத்தம். "விசில் வரப்போவுது" என்று மனைவி முன்கூட்டியே குரல் கொடுத்தால் குக்கரைத் தாங்கிவிடுகிறேன். சொல்லாமல் வந்தால் அன்றைய பொழுது போச்சு. விழாக் குழுவினர் நோட்டீசில் அன்னதான நேரம் போடுகிறார்கள், பாட்டு எத்தனை மணிக்கு, வெடி எத்தனை மணிக்கு என்றும் ஒரு வரி போடலாம். தலையில் அடிபட்டவர் மட்டுமா, கைக்குழந்தைக்காரியும் நெஞ்சுவலிக்காரரும்கூட அதைப் பார்த்து வைத்துக்கொள்வார்கள்.

போன வாரம் கடையில் இரண்டு டம்ளருக்குப் பெயர் வெட்டினேன். மெஷின் இல்லை, பழைய உளி. தட்டி, நிறுத்தி, தட்டி, முக்கால் மணி நேரம் ஆனது. முதலாளி கூலியில் பிடிக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் கூழ். தம்பி வந்து சொல்லிவிட்டுப் போனான், ஆறரை மணிக்குத்தான் பாட்டாம்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊரார் பெயரையெல்லாம் வெட்டிக் கொடுத்தவன் இப்படிக் கேட்பது வேடிக்கைதான். ஆனால் 'மண்டையில அடிபட்டவன்' என்று தெரிந்தால் கல்யாணக் குடத்தை என் கையில் யாரும் தரமாட்டார்கள்.

இப்படிக்கு,
பெயர் வெட்டும் தொழிலாளி,
கொசப்பேட்டை, வேலூர்.