பொன்னுருவியை வெட்டாதீர்கள்

வட ஆர்க்காட்டு ஊர்களில் மகாபாரதக் கதையும் தெருக்கூத்துமாகப் பாரதம் வைக்கும் விழாக் குழுப் பெரியவர்களுக்கு வணக்கம்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மாவட்டம் நாலாகப் பிரிந்துவிட்டது. ஆனாலும் திரௌபதியம்மன் கோயிலும் தீமிதியும் கூத்தும் உள்ள ஊர்களை வட ஆர்க்காடு என்று சொன்னால்தான் எனக்கு நிறைவாக இருக்கிறது. உங்களிடம் ஒரு வேண்டுகோள்: கர்ணனின் கடைசி நாளைச் சொல்லும் கர்ண மோட்சம் கூத்தை வெட்டிச் சுருக்காதீர்கள். முக்கியமாகக் கர்ணன் மனைவி பொன்னுருவி வரும் இடத்தை.

நான் கூத்துப் பார்த்து வளர்ந்தவன் இல்லை. வேலூர் டவுனில் சினிமா பார்த்து வளர்ந்தவன். கர்ணன் என்றால் எனக்குச் சிவாஜிதான். பந்துலு 1964ல் எடுத்த 'கர்ணன்' படத்தை 2012ல் புதுப்பித்து வெளியிட்டபோது அப்பாவை அழைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனேன். போர்க்களத்தில் கர்ணன் சாய்ந்து கிடக்கும் காட்சியில் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் படத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் ஒரு திருவிழாக் கடையில் கர்ண மோட்சம் கூத்துப் புத்தகம் கிடைத்தது. படிக்க ஆரம்பித்ததும் திகைத்துப் போனேன். படத்தில் கர்ணன் மனைவி சுபாங்கி. தேவிகா நடித்த பாத்திரம். குலத்தைச் சொல்லி அவமானப்பட்டு வந்தவனை அவள்தான் பாடித் தேற்றுவாள். கூத்திலோ மனைவி பொன்னுருவி. ராஜா மகளான என்னைத் தேரோட்டி மகனுக்குக் கட்டிவைத்தார்களே என்று பொருமுகிறவள். சாகப் போகிறோம் என்று தெரிந்து விடைபெற வந்தவனுக்கு அவள் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறாள். ஊரெல்லாம் அள்ளிக் கொடுத்தவனுக்கு வீட்டுக்குள் ஒரு நல்ல வார்த்தை இல்லை.

சரி, புத்தகத்தில் இவ்வளவுதான் தெரிந்தது. விருத்தம், தரு என்ற பாட்டு வகைகளும் வசனமும் மாறி மாறி வருவதைக் கண்ணால் படித்தால் பாதிதான் கிடைக்கிறது. மீதியை ஆற்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் பார்த்தேன். ராத்திரி மணி இரண்டு இருக்கும். கிரீடமும் புஜக்கட்டையும் மினுங்க நிற்கிறான் கர்ணன். பொன்னுருவி வேஷம் கட்டிய ஆண் நடிகர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கர்ணன் பாடப் பாட அந்த முதுகு அசையவே இல்லை. சின்ன நாயனம் போன்ற முகவீணை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. நான் குந்திக்குப் பிறந்தவன் என்று அவன் சொன்ன பிறகுதான் மெல்லத் திரும்பினார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு காலில் விழுந்தார். அதற்குள் போருக்கு நேரமாகிவிட்டது. எனக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "இத்தினி நாளா தெரியலியேடி உனக்கு" என்று சத்தமாகவே சொன்னார்.

அந்த ஒரு வரியில் எனக்கு எல்லாம் இருந்தது. சினிமாவில் கர்ணனை வெறுப்பவர்கள் வெளியில் இருக்கிறார்கள். நாம் அவன் பக்கம் நின்று அழலாம். கூத்தில் வெறுப்பு சொந்த வீட்டில், கட்டின மனைவியின் வாயில் இருக்கிறது. பிறப்பைக் கேட்டுத்தான் அவள் மனம் மாறுகிறாள் என்பது இன்னும் வலிக்கிறது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் சாதி கேட்டே நடக்கிற நம் ஊர்களில் இந்தக் காட்சி விடிய விடிய நடக்க வேண்டாமா?

ஆனால் போன வருஷம் வேறொரு ஊரில் நடந்தது வேறு. அங்கே பாட்டுக் கச்சேரி முடிந்து கூத்துக்குத் திரை பிடிக்கவே பன்னிரண்டரை ஆகிவிட்டது. பொன்னுருவி வந்து இரண்டு அடி பாடியிருப்பார். விழாக் குழுவில் ஒருவர் மைக்கை வாங்கி, கூத்தை நடத்தும் வாத்தியாரிடம், "வாத்தியாரே, நேரா சண்டைக்குப் போங்க" என்றார். அரிதாரம் பூசிக் காத்திருந்த அந்த நடிகர் தலையைக் குனிந்துகொண்டு திரைக்குப் பின்னால் போனார். அவர் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கச்சேரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை முந்தின நாள் ராத்திரி வையுங்கள். கர்ண மோட்சம் அன்றைக்கு மட்டும் பத்து மணிக்கே கூத்தைத் தொடங்க விடுங்கள். வெற்றிலை பாக்கு வைத்து ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, அழைக்கும்போதே, "பொன்னுருவி முழுசா இருக்கணும்" என்று வாத்தியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நோட்டீஸ் அடித்ததும் எந்த ஊர், எந்தத் தேதி என்று தெரிந்தால் போதும். இந்த முறை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.