சுவிட்சு ஏன் விழுகிறது? மின்சாதன நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டு மின்சாதனங்களைத் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கும் அவற்றின் சேவை மையப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

வாஷிங் மெஷினைப் போட்டால் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சு) விழுந்துவிடுகிறது என்று புகார் தந்தால், உங்கள் மையத்திலிருந்து வருபவர் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "மெஷினில் ஒன்றுமில்லை, வயரிங்கைப் பாருங்கள்" என்கிறார். எலக்ட்ரீஷியனை அழைத்தால், "மற்றதெல்லாம் ஓடுகிறதே, மெஷினில்தான் கோளாறு" என்கிறார். அளவுகருவியைத் தொடாமலேயே இருவரும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். இருவருக்கும் கூலி கொடுத்த பிறகும் சுவிட்சு விழுவது நிற்பதில்லை. இந்த அலைக்கழிப்பைத் தீர்ப்பது பெருமளவு உங்கள் கையில் இருப்பதால்தான் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் புகார்ப் பதிவில் "டிரிப் ஆகிறது" என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. விழுந்தது எம்சிபியா (மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்சு) ஆர்சிசிபியா என்று யாரும் கேட்பதில்லை. எம்சிபி விழுந்தால் அளவுக்கு மீறிய சுமையோ ஷார்ட் சர்க்கியூட்டோ இருக்கலாம். ஆர்சிசிபி விழுந்தால் ஃபேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பவில்லை, எங்கோ கசிகிறது என்று பொருள். எம்சிபியிலும், போட்ட நொடியில் விழுவதற்கும் அரைமணி நேரம் ஓடிய பிறகு விழுவதற்கும் காரணம் வேறு: முன்னது உள்ளிருக்கும் காந்தச் சுருளின் வேலை, பின்னது சூட்டில் வளையும் ஈருலோகத் தகட்டின் வேலை. பின்னது சுமையால் மட்டுமல்லாமல், திருகு தளர்ந்த இணைப்பு சூடாவதாலும் நேரும். இந்த இரு கேள்விகளைத் தொலைபேசியிலேயே கேட்டுவிட்டால் பாதித் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

கோளாறு எந்தக் கட்டத்தில் வருகிறது என்பது அதைவிட முக்கியம். தண்ணீர் நிரம்பி ஹீட்டர் வேலை செய்யத் தொடங்கும்போதுதான் விழும் என்றால், குளிர்ந்த நீரில் சிறிது நேரம் ஓட்டிப் பார்ப்பது சோதனையே ஆகாது. ஹீட்டர் காயிலைச் சுற்றி மின்காப்பாக நிரப்பப்பட்டிருக்கும் மக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. மேலுறையில் மயிரிழை விரிசல் இருந்தாலோ முனையின் அடைப்பு பழுதானாலோ ஈரம் உள்ளே இறங்கி மின்னைக் கசியவிடும். பல மாதம் பயன்படுத்தாத ஓவனும் கெய்சரும் முதல் நாளில் சுவிட்சைத் தள்ளுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இந்தக் கசிவைச் சாதாரண மல்டிமீட்டரால் பிடிப்பது அரிது. அதன் சிறு பேட்டரி கொடுக்கும் மின்னழுத்தத்துக்கு நல்ல காயிலைப் போலவே தோன்றுவது, மின்காப்பை அளக்கும் மெகர் கருவியின் 500 வோல்ட்டில்தான் தன் நிலையைக் காட்டும். ஃபிரிட்ஜில் இது இன்னும் நுட்பமானது. நாள் முழுதும் ஒழுங்காக ஓடிவிட்டு இடையில் ஒருமுறை மட்டும் சுவிட்சைத் தள்ளினால், கம்ப்ரசரைச் சந்தேகிப்பதற்கு முன் பனி உருக்கும் ஹீட்டரைச் சோதிக்க வேண்டும், ஏனெனில் அது பல மணிக்கு ஒருமுறைதான் உயிர்பெறுகிறது. உங்கள் ஆள் வரும் நேரத்தில் அது தூங்கிக்கொண்டிருக்கும்.

எந்தச் சாதனத்திலும் பழுதில்லாமலே ஆர்சிசிபி விழுவதும் உண்டு. உங்கள் சாதனங்களில் உள்ள மின் இரைச்சல் (மின்னோட்டத்தில் கலக்கும் தேவையற்ற அலைகள்) வடிகட்டிகளின் கெபாசிட்டர்கள் வழியே சிறிதளவு மின்னோட்டம் எப்போதும் எர்த்துக்குப் போகிறது. வாஷிங் மெஷின் போன்ற எர்த் இணைப்புள்ள நிலைச்சாதனத்துக்கு 3.5 மில்லி ஆம்பியர் வரை தரநிலையே இடம் கொடுக்கிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15-க்கு மேல் எந்த அளவிலும் விழலாம் என்பதால், நான்கைந்து நல்ல சாதனங்கள் சேர்ந்தாலே அது விளிம்புக்கு வந்துவிடும். கடைசியாகச் செருகியது மட்டும் குற்றவாளியாகிறது, பாவம். ஆனாலும் வழக்கமான கசிவு இவ்வளவு என்று உங்கள் கையேடுகளில் தேடினால் கிடைப்பதில்லை.

பொறுத்துக்கொள்ளவே முடியாதது ஒன்று உண்டு: 16 ஆம்பியர் எம்சிபி விழுகிறது என்றால் 25 ஆம்பியர் போட்டுக்கொள்ளுங்கள் என்ற ஆலோசனை. எம்சிபி காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. வயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்கினால் சுவிட்சு விழாது, வயர் வேகும். ஆர்சிசிபியைத் தவிர்த்து நேரடியாக இணைத்துவிட்டுப் போவது அதைவிடக் கொடியது. கசிவு அப்படியே இருக்க, உயிரைக் காக்கும் ஒரே கருவி அகற்றப்படுகிறது. உங்கள் பெயர் பொறித்த சட்டையோடு வரும் எவரும் இவ்விரண்டையும் செய்யக் கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள்.

அத்துடன், மின்கசிவுப் புகாருக்கு வருபவர் மெகரும் கசிவளக்கும் கிளாம்ப் மீட்டரும் இல்லாமல் வரக் கூடாது. மின்காப்பை ஹீட்டர் குளிர்ந்திருக்கும்போதும், அதை ஓட்டிச் சூடேற்றிப் பிளக்கைப் பிடுங்கிய உடனும் அளந்து, இரு எண்களையும் பணிச்சீட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்தச் சீட்டு கையில் இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் என்ன கேட்பது என்று எங்களுக்குத் தெரியும். கையேட்டின் பழுது பார்க்கும் பக்கத்தில் "சேவை மையத்தை அணுகவும்" என்பதற்கு முன், எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்கும் முறையை அச்சிடுங்கள். பிளக் பாயிண்டின் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபேஸை மட்டும் துண்டிக்கும் சுவிட்சு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் உள்ள பழுதை அப்படியே விட்டுவைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் சாதனங்களைப் பயன்படுத்தும் ஒருவர்